மூன்று ஃபார்வர்டில் மூன்று வயது

இலக்கியத்தில் கிடைக்காத வாசகர்கள் எனக்கு வாட்ஸ்அப் வரன் குழுவில் கிடைத்தார்கள். என் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. கரையானுக்குக்கூட அவற்றில் நாட்டமில்லை. ஆனால் 'வரன் தேவை' என்று நாலு வரி எழுதினால், மலேசியாவில் காஜாங்கிலிருந்து கிள்ளான் வரை இதயக்குறிகள் வந்து விழும்.

குழுவை நடத்துபவர் கிள்ளானில் புடவைக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. பிரிக்பீல்ட்ஸ் அலுவலகம் ஒன்றில் குப்பை கொட்டும் நான் அதன் ஆஸ்தான கவி. அக்கா மொட்டையாக அனுப்பும் விவரங்களுக்கு நான் பொட்டு வைத்துப் பூ முடித்துவிடுவேன். "வேலை இல்லை" என்று வந்தால் "சுயதொழில்". "கோபக்காரன்" என்றால் "கண்டிப்பானவர்". இதைப் பொய் என்று நினைத்ததில்லை. நடை என்று நினைத்தேன்.

ஒரு நாள் அக்கா ஒரு படம் அனுப்பினார். பட்டுப்புடவை, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, பொய் இமை, முழங்கை வரை மருதாணி. மேக்கப் போட்டுவிட்ட பெண்மணி தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டிருந்த படமாம், ஏகப்பட்ட லைக்காம். கீழே விவரம்: ஊர் பந்திங், வயது பதினெட்டு.

நான் எழுதினேன்: "பதினெட்டு நிறைந்த பந்திங் பைங்கிளி." மோனை தானாக வந்து விழுந்தது.

அன்று மாலைக்குள் அது வேறு பல குழுக்களுக்குப் பறந்துவிட்டது. கிள்ளானில் லோரி வைத்துத் தொழில் செய்யும் முப்பத்து நாலு வயதுக்காரரின் அம்மா, "வர ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வரோம்" என்று பதில் போட்டார். என் எழுத்து ஒரு குடும்பத்தையே காரில் ஏற்றுகிறது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி.

"அங்கிள், உங்க தமிழ் அழகா இருக்கு. என் வயசுதான் தப்பு."

"யாரும்மா நீ?"

"பைங்கிளி."

பிறகு மளமளவென்று எழுதினாள். "அது நான் வயசுக்கு வந்தப்ப செஞ்ச சடங்கு போட்டோ அங்கிள். ரெண்டு வருஷத்துக்கு முந்தி. இப்ப ஃபார்ம் ஃபோர் படிக்கிறேன். பதினஞ்சுதான் முடிஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமை பேசி முடிச்சுட்டா, இந்த வருஷத்தோட ஸ்கூல் போதும்னு அப்பா சொல்லிட்டாரு."

பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கல்யாணப் பெண்ணாக ஜோடித்து மேடையேற்றி, மண்டபம் பிடித்து ஊருக்குச் சாப்பாடு போடுவது நம்மவர் வழக்கம். அப்படி எத்தனையோ சடங்குகளில் மட்டன் பிரட்டலை இரண்டாம் முறை கேட்டு வாங்கியிருக்கிறேன். மண்டபத்தில் பார்த்தால் ஒட்டியாணத்துக்குள் இருப்பது குழந்தை என்று தெரியும். கைபேசியில் வந்தபோது எனக்குத் தெரியவில்லை.

அக்காவைக் கூப்பிட்டேன்.

"பதினஞ்சா? அவங்கப்பா பதினேழுன்னாரு. கல்யாணம் ஆவுறப்ப சரியா இருக்கும்னு நான் பதினெட்டுன்னு போட்டேன்."

"நான் 'நிறைந்த'ன்னு சேர்த்துட்டேன் அக்கா."

"நீங்க ஏன் சேர்த்தீங்க?"

"ஓசைக்கு."

"நல்ல ஓசை லா" என்றார் அக்கா.

அடுத்து பிள்ளையின் அப்பாவை அழைத்தேன். அவர் கணக்கு தெளிவாக இருந்தது. "பதினஞ்சு முடிஞ்சு பதினாறு நடப்பு. வயித்துல இருந்த பத்து மாசத்தையும் சேருங்க சார், பதினேழு வருதா இல்லையா?"

"இந்த வயசுக்கு ரெஜிஸ்டர் பண்ண மாட்டாங்க அண்ணே."

"மொதல்ல தாலி. ரெஜிஸ்டர் அப்புறம் பாத்துக்கலாம். டிக்டாக்ல ஆடுறா, எவன் எவனோ மெசேஜ் பண்றான். நல்ல எடத்துல கட்டிக் குடுத்தாதான் எனக்குத் தூக்கம். பைங்கிளின்னு எழுதுனதே நீங்கதானே சார்? இப்ப வந்து நியாயம் பேசுறீங்க?"

பதிவை அழித்துவிடுவதாகப் பிள்ளையிடம் சொன்னேன்.

"அழிச்சா பத்தாது அங்கிள். எல்லாரும் சேவ் பண்ணிட்டாங்க. எழுதுங்க."

எழுதினேன். "இந்தப் பிள்ளைக்கு வயது பதினைந்து. ஃபார்ம் ஃபோர் படிக்கிறாள். தவறாக எழுதியது நான். படத்தை அழித்துவிடுங்கள்." பூவும் இல்லை, பொட்டும் இல்லை. எனக்குத் தெரிந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். ஓர் இதயம்கூட விழவில்லை. லோரிக்காரரின் அம்மாவுக்குத் தனியாகவும் அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டார்.

"ஏன்யா, படிச்சவன்தானே நீ? பள்ளிக்கூடப் பிள்ளையப் போயி என் மகனுக்குக் காட்டுறியே, வெக்கமா இல்ல?"

இருபது நிமிடம் திட்டினார். என் எழுத்துக்கு வந்த முதல் விரிவான விமர்சனம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போகவில்லை.

பிள்ளையின் அப்பா என் எண்ணை முடக்கிவிட்டார். திங்கட்கிழமை காலை அவளிடமிருந்து ஒரு வரி: "ஸ்கூல் பஸ்ல இருக்கேன் அங்கிள். அப்பா பேச மாட்டேங்கிறாரு."

அன்றிலிருந்து குழுவில் புது விதி. பெண்ணோ ஆணோ, ஐசி என்னும் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம் வேண்டும். பிறந்த தேதி அதில்தான் இருக்கிறது. அதற்கு நடை கிடையாது.

போன மாதம், சாலாக் செலாத்தான் பக்கத்துக் குழு ஒன்றில் அதே படம் வந்து நின்றது. என் பைங்கிளி அப்படியே இருந்தாள். வயது மட்டும் பத்தொன்பது. யாரோ நியாயமானவர், ஒரு வருஷம் ஓடிவிட்டதே என்று கூட்டியிருக்கிறார். நான் மறுபடி தட்டினேன்: "வயது பதினாறு. ஃபார்ம் ஃபைவ். அழித்துவிடுங்கள்." என் எழுத்தில் அதிக மறுபதிப்பு கண்டது இதுதான்.

உடனே ஒருவர் கேட்டார்: "அப்ப, இப்பவே பேசி வச்சுக்கலாமா பாஸ்?"

அவருடைய ஐசியின் முதல் ஆறு இலக்கத்தைக் கேட்டேன். குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.