உப்பில்லா விரத நாளில் கொடுத்த தண்ணீர்

மே 11, ஞாயிறு. காலை 4.40-க்கு எழுந்து பால் காய்ச்சினேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிக்கு என் கணவர் அன்று நெடுந்தூரப் பயிற்சி செய்தார். ஞாயிற்றுக்கிழமை உப்பில்லா விரதத்தையும் விடவில்லை. வெயிலுக்குப் பயந்து, ஸ்கூட்டரில் பின்தொடர்ந்து, கால் மணிக்கு ஒருமுறை வெறும் தண்ணீர் கொடுத்தேன், அளவை நோட்டில் குறித்தேன்.

பகல் 12.20-க்கு, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவர் விழுந்தார். என்னையே யாரென்று கேட்டார். வலிப்பு வந்தது. அலறியபடி பாட்டிலை அவர் வாயில் வைத்தேன். டீக்கடைக்காரம்மா பிடுங்கினார்.

"ஊத்தாதீங்கம்மா, பொறை ஏறிடும்! ஆட்டோ வந்துட்டுது, ஏத்துங்க!"

மருத்துவமனையில் டாக்டரிடம் நோட்டை நீட்டினேன்.

"உப்பே இல்லாம இவ்ளோ ஜாஸ்தியாவா குடுத்தீங்க? ரத்தத்துல உப்பு கம்மியாயிடுச்சும்மா. இன்னிக்கு தாண்டணும்."

மறுநாள் காலை கண் விழித்து என் பெயரைச் சொன்னார். முதல் வேலையாக, பயிற்சியை விரதமில்லாத புதன்கிழமைக்கு மாற்றச் சம்மதம் வாங்கினேன். இப்போது வழியில் உப்பு சர்க்கரைக் கரைசல்தான் கொடுக்கிறேன், அதுவும் அவர் தாகமென்று கேட்டால் மட்டும்.