எனக்குக் கிடைத்த மாத்திரைகள்

திருவனந்தபுரத்தின் சாலை பஜாரில் அரிசிக்கடை வைத்திருந்த என் கணவர், வயிற்றெரிச்சலைப் பல வருடங்கள் சோடா குடித்தே சமாளித்தார். கடைசியில் பரிசோதித்தபோது இரைப்பைப் புற்றுநோய் முற்றியிருந்தது. இரைப்பையில் நெடுநாள் குடியிருந்த ஒரு கிருமி அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

கணவர் முகம் தெளிந்தது. "கிருமிதானே டாக்டரே? மருந்து கொடுத்தா செத்துரும் இல்லியா?"

"கிருமி சாகும். புற்று போகாது," என்றார் டாக்டர் மெதுவாக. "வீட்டில மத்தவங்களுக்கும் இருக்கலாம், நோக்கணும்."

கணவர் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னைக்கே டெஸ்ட் எடுக்கணும், கேட்டியா?"

எனக்கும் அந்தக் கிருமி இருந்தது. மாத்திரை தந்தார்கள். தண்ணீர்கூட இறங்காமல் அவர் கிடந்த நிலையிலும், "மாத்திரை முழுங்கினியா?" என்று கேட்பார்.

கிருமி ஒழிந்துவிட்டது என்று எனக்குப் பரிசோதனை முடிவு வந்தபோது அவர் இல்லை. நான் தப்பித்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு காலத்தில் அவருக்கும் அந்த மாத்திரைகளே போதுமானவையாக இருந்திருக்கும்.