முதற்பலன் ஞாயிறும் ஒரு சொம்புக் கல்மழையும்

"சனி. மாலையில் கல்மழை. ஆலங்கட்டிகள் நெல்லிக்காய் அளவு. கோயில் ஓடுகள் உடைந்தன. மாந்தோப்புகள் போயின."

என் குறிப்பேட்டில் இவ்வளவுதான் இருக்கிறது. ஆண்டு எழுதியிருந்த மேலட்டையைக் கரையான் தின்றுவிட்டது. அறுபத்தேழு தேர்தலுக்குப் பின், எழுபதுக்கு முன் என்பதுவரை உறுதி. நெல்லிக்காய் அளவு என்பதைத்தான் எங்கள் ஊரில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. மறுநாளே அது எலுமிச்சை ஆயிற்று. பேரிகைச் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது தேங்காய்.

சூளகிரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சபை சிறியது. கோடையில் ஒரு ஞாயிறு, விளைந்ததில் முதலாவதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைப்போம். அதுதான் முதற்பலன் ஞாயிறு. அந்த ஆண்டு அது கல்மழைக்கு மறுநாள் வந்தது. நாளைக் குறித்தது போதகர்; எங்கள் பேச்சில் ஐயர். மழையைக் குறித்தவர் அவரைக் கலந்தாலோசிக்கவில்லை.

அதே ஆராதனையில் ஒரு ஞானஸ்நானமும் இருந்தது. குத்தகைக்கு மாந்தோப்பு எடுத்திருந்த எங்கள் சபைக்காரர் ஒருவருக்கு முதல் பேரன். பெங்களூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள். முதல் பேரக்குழந்தையைத் தாயின் தகப்பன்தான் தூக்கிப் போதகர் கையில் கொடுப்பது எங்கள் சபை வழக்கம்.

சபைச் செயலாளர் என்ற முறையில் சேதம் பார்க்கத் தோப்புக்குப் போனேன். மரத்தில் இருக்கவேண்டிய காயெல்லாம் தரையில் கிடந்தது. தோப்புக்காரர் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். காய் என்று நினைத்தேன். ஆலங்கட்டி. பித்தளைச் சொம்பில் போட்டு மூடி, கரையாதிருக்கக் கூடை நிறைய உமியைக் கொட்டி அதற்குள் சொம்பைப் புதைத்தார்.

"என்னாத்துக்குங்க இது?"

"நாளைக்கு முதற்பலன் இல்ல? வருசா வருசம் அவருக்கு மொதக் கூடை வெச்சேன். இந்த வருசம் அவரு எனக்குப் போட்டத அவருகிட்டயே வெக்கறேன் சார். வெச்சிட்டு வெளிய வந்துருவேன். அதோட சரி, இனிமே அந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்."

அவர் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். "அப்ப பேரனை யாரு ஐயரு கையில குடுக்கறது? சம்பந்திங்க என்னா நெனைப்பாங்க?"

"நீயே குடு."

"சார், நீங்களாவது சொல்லுங்க. உங்க பேச்சக் கேப்பாரு."

நான் வேதத்தில் ஆகாய் சொன்ன கல்மழை முதல் எல்லாம் இழந்த யோபு வரை எடுத்துச் சொன்னேன். அவர் உமியை அழுத்திக்கொண்டே கேட்டார்.

"யோபுக்குப் பின்னால ரெண்டு மடங்கா வந்துச்சு. எனக்கு எப்ப சார்?"

தேதிகளில் எனக்குக் கொஞ்சம் தேர்ச்சி உண்டு. ஆனால் இந்தத் தேதி தெரியவில்லை.

ஞாயிறு காலை. உடைந்த ஓடுகளின் வழியே வெயில் துண்டுதுண்டாக விழ, சபையார் வெயில் படாத இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். அதனால் ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்பது அன்று இல்லை. மேசைமேல் பூசணிக்காய், முட்டை, கால் கட்டிய சேவல், அடிபட்ட மாங்காய். தோப்புக்காரர் வந்தார். கூடையிலிருந்து சொம்பை எடுத்து நடுவில் வைத்தார். திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

சாலையில் மரம் விழுந்திருந்ததால் போதகர் தாமதமாகத்தான் வந்தார். களஞ்சியங்கள் நிரம்பி வழிவதைப் பற்றி முன்பே எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை ஒரு வரி விடாமல் வாசித்தார். வேறு எழுத நேரமில்லை, பாவம்.

ஞானஸ்நானத்துக்கு எடுத்துவைத்த தண்ணீரில் ஓட்டுத்தூள் மிதந்தது. கோயிலைக் கூட்டி மணியடிக்கும் பெரியவர் சுற்றிலும் பார்த்தார். மேசைமேல் இருந்த சொம்பைத் திறந்தார். தெளிந்த தண்ணீர். தோப்புக்காரர் பக்தியோடு கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று எண்ணி, ஞானஸ்நானத் தொட்டியில் ஊற்றிவிட்டார்.

குழந்தையைக் கொடுக்கத் தாத்தா இல்லை. மருமகனே கொடுத்தார். "பிதாவின் நாமத்தினாலே" என்று போதகர் முதல் கை தண்ணீரை ஊற்றினார். குழந்தை போட்ட கூச்சலில் சேவலே பயந்துவிட்டது.

"அய்யோ, மகு அளுத்தா இதே!" என்று, குழந்தை அழுகிறதே என்பதைச் சம்பந்தியம்மாள் கன்னடத்தில் சொல்லிப் பதறினார்.

புளியமரத்தடியிலிருந்து தோப்புக்காரர் ஓடிவந்தார். "புள்ளைய என்னா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல, தண்ணி கொஞ்சம் ஜில்லுன்னு இருக்குது" என்றார் போதகர்.

"நீ வெச்ச சொம்புத் தண்ணிதாம்பா" என்றார் பெரியவர், பாராட்டுகிற குரலில்.

தோப்புக்காரர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். குழந்தை நீலம் பாரித்து அழுதது. இன்னும் இரண்டு கை தண்ணீர் பாக்கி. பாதி ஞானஸ்நானத்தோடு நிறுத்தவும் முடியாது.

"இருங்க ஐயரே" என்றார். பேரனை வாங்கி, துண்டால் தலையைத் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டார். தொட்டியிலிருந்து உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் அள்ளி, கையை மூடிக்கொண்டு நின்றார். குளிர் போகும்வரை சபை காத்திருந்தது. பிறகு கையைத் திறந்து நீட்டினார். போதகர் அவர் கையிலிருந்தே எடுத்து, குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் உரியதை முடித்தார். அதன் பிறகுதான் அவர் பேரனைப் போதகர் கையில் கொடுத்தார். வழக்கம் தலைகீழாக நடந்தாலும் நடந்தது.

வெளியே வந்தபோது, "சமாதானமாப் போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னது? அடுத்த வாரம் வந்து அவருகிட்ட நேராவே கேக்கறேன்" என்றார். அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

பல ஆண்டுகள் கழித்து அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னார்: அன்று விடியற்காலையில் கணவருக்குத் தெரியாமல் தானே சொம்பைத் திறந்து, கல்தண்ணீரை வாழைக்குக் கொட்டிவிட்டு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தாராம். தொட்டியில் ஊற்றும்போது இரண்டு ஆலங்கட்டிச் சில்லு மிதந்ததைக் கண்ணால் பார்த்ததாக மணியடிக்கும் பெரியவர் சாகும்வரை சொன்னார். குழந்தைகள் கிணற்றுத் தண்ணீருக்கும் அழும். அன்று பேரன் தலையில் விழுந்தது எந்தத் தண்ணீர் என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.