செல்வராணி சேர்த்த ஒரு வரி

புதுக் கைபேசி வாங்கி மூன்று நாளாகிறது. 'இப்' என்று தட்டினால் 'இப்போது பிஸி' என்று தானே எழுதிக்கொடுக்கிறது. நான் பிஸியும் இல்லை, அப்படிச் சொல்லச் சொல்லவும் இல்லை. என் சொந்த வரி ஒன்றைச் சேர்க்க வழியுண்டா என்று அமைப்புகளுக்குள் புகுந்து தேடியதில் கைபேசி சுட்டதுதான் மிச்சம். ஆனால் அந்தச் சூட்டோடு ஒரு வாசனை வந்தது பாருங்கள், சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த வாசனை! கிளிநொச்சியில் நான் முதல் வேலை பார்த்த, கடிதம் தட்டிக்கொடுக்கும் கடைக்குள் போய் விழுந்தேன்.

ஒரு கணினி, ஒரு பிரிண்டர், காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள வாங்கு. அவ்வளவுதான் கடை. பாலைப்பழக் காலத்தில் நாங்கள் தின்றுகொண்டே தட்டுவதால் விசைகள் ஒட்டிக்கொள்ளும்; 'க' உள்ளே போனால் பிறகு நகத்தால் கிளப்பவேண்டும். முதலாளி நாதன் அண்ணை இரண்டே விரலால் தட்டுகிறவர். அவருக்காகத்தான் என் மூளை வேலை செய்தது. விருப்பப்படி மாற்றக்கூடிய இலவச எழுதும் மென்பொருள் ஒன்றைப் பிடித்து, அதற்குள் குறுக்குவழிப் பட்டியல் ஒன்று செய்து வைத்தேன். 'கஐ' என்று தட்டி டாப் விசையை அமுக்கினால் 'கனம் ஐயா அவர்களுக்கு' என்று முழுதாக வரும். 'இப்' தட்டினால் 'இப்படிக்கு, உண்மையுள்ள'. அதோடு நின்றேனா? பொதுப் பட்டியல் போதாதவர்கள் தங்கள் வரிகளையும் சேர்க்கலாம் என்று தனியாக ஒரு கோப்பும் திறந்துவிட்டேன். தலைகால் புரியாத பெருமை எனக்கு.

முதலில் சேர்த்தவள் செல்வராணி. கனகராயன்குளத்திலிருந்து விடிய பஸ் ஏறி வருவாள். வேலைக்கு வந்து இரண்டு மாதம். மூன்றாம் மாத முடிவில் நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அண்ணை சொல்லவேண்டும். அவள் வீட்டில் சம்பளம் எடுக்கும் ஒரே ஆள் அவள்தான். கட்டாரில் இருந்த தன் வருங்கால மாப்பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரத்தில் மின்னஞ்சல் தட்டுவாள். இது எனக்கு மட்டும் தெரியும்.

அன்று காலை உருத்திரபுரத்திலிருந்து கமக்காரர் சங்கத் தலைவி சரஸ்வதி அம்மா வந்தா. சிறுபோக நெல் கதிர் வெளிவராமல் குடலையில் நிற்கிறது, இன்னும் ஒரு தண்ணீர் விடாவிட்டால் பதர்தான், பத்து மணிக்கு முன் நீர்ப்பாசனப் பொறியியலாளர் கையில் கடிதம் இருக்கவேண்டும். பெரிய இடத்துக் கடிதம் என்று அண்ணையே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 'கஐ' தட்டினார். வரவில்லை. வேறு நாலைந்து தட்டினார். ஒன்றும் அசையவில்லை. வியர்த்துக்கொட்ட எல்லாவற்றையும் விரலாலேயே தட்டி முடித்து, கடைசியாக 'இப்' போட்டு டாப்பை அமுக்கினார். அது மட்டும் ஓடி வந்தது: 'ஆயிரம் முத்தங்களுடன், உங்கட செல்வம்.'

அதை அவர் வாய்விட்டு வேறு வாசித்துவிட்டார்.

காத்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் வாங்கு குலுங்கியது. செல்வராணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"என்ன பிள்ளை செய்து வச்சிருக்கிறீர்?"

"ஒரு வரிதான் சேர்த்தனான் அண்ணை."

"ஒரு வரியோ! எல்லாத்தையும் அழிச்சாச்சு. நாளைக்கு வரவேண்டாம்."

உண்மையில் அழித்தது நான். மாப்பிள்ளைக்காக அவள் 'இப்'புக்குச் சேர்த்த வரியைப் பொதுப் பட்டியலோடு சேர்க்காமல், பட்டியலைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வைக்கும்படி எழுதியிருந்தேன். பந்தியில் அப்பளம் கேட்டவரின் இலையில் சோறு கறியை வழித்தெடுத்துவிட்டு அப்பளத்தை மட்டும் வைத்த மாதிரி. இது எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. ஆனாலும் பிரிண்டருக்குத் தாள் அடுக்குவதுபோல் பாவனை செய்தேன். வெட்கக்கேடு! அவள் கைப்பையை எடுத்த பிறகுதான் நாக்கு அசைந்தது.

"அண்ணை, பிழை என்ர. அவவின்ர வரியைச் சேர்க்கத் தெரியாமல் மற்றதெல்லாத்தையும் அழிச்சது நான்."

"அப்ப உம்மையெல்லோ நிப்பாட்டவேணும்?"

"ஓம்" என்றேன்.

சரஸ்வதி அம்மா எழும்பி வந்தா. "ரெண்டு பேரையும் நிப்பாட்டிப்போட்டு ஆர் தட்டுறது? உங்கட ரெண்டு விரலோ? இஞ்சினியருக்கு முத்தத்தை நான் நேரில குடுக்கேலாது தம்பி. அதை வெட்டிப்போட்டுத் தண்ணியைக் கேளுங்கோ."

அண்ணைக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை. கடிதம் போனது, தண்ணீரும் வந்தது. இருப்பதை அழிக்காமல் புதிதைச் சேர்க்கும்படி நான் ஒரே ஒரு வரியைத் திருத்தினேன். அடுத்த மாதம் செல்வராணி நிரந்தரமானாள். அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி சேர்த்தாள். எந்தக் குளத்துக்கு எந்தச் சங்கம், துணுக்காயில் எந்த அம்மாவுக்கு எப்படிப் பெயர் போடவேண்டும், எவருடைய மகன் காணாமல்போனவர் என்பதால் எந்தச் சொல்லைத் தவிர்க்கவேண்டும் எல்லாம் அதில் இருந்தன. வயிற்றுக் குத்து என்று நான் அடிக்கடி கேட்கும் லீவுக் கடிதத்துக்கும் இரண்டெழுத்து வைத்திருந்தாள்.

கலியாணம் முடிந்து அவள் கட்டார் போய்விட்டாள். அண்ணை கடையை மூடி, கணினியை விற்றார். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து வாங்கியவருக்குக் கொடுக்கும் வேலை எனக்கு. பொதுப் பட்டியலை, அதாவது என் கைவரிசையை, ஒன்றுக்கு இரண்டு பிரதி எடுத்தேன். செல்வராணி வரிகள் சேர்த்த கோப்புக்கும் ஒரு பிரதி எடுக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. எனக்கு இன்றும் என்மேல் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த வாங்கில் வந்து உட்கார்ந்தவர்களில் பாதிப்பேரின் பெயர்கூட எனக்கு இப்போது தெரியாது.