சோப்பு டப்பா மவுஸ்

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீட்டு நடிகை நான்தான். ஸ்கூல் வேன்காரர் தும்முவதையும் பக்கத்து வீட்டுக்காரர் நடப்பதையும் செய்து காட்டிக் கைதட்டு வாங்குவேன்.

அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நிற்க வேண்டும். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடக்கும். கம்ப்யூட்டர் கற்று சர்டிபிகேட்டோடு வந்தால் ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை தருகிறேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதற்காகவே கள்ளிக்குப்பத்தில் பெண்களுக்கு ஞாயிறுதோறும் நடந்த இலவச வகுப்பில் சேர்ந்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். சொல்லிக்கொடுத்தது ஒரு காலேஜ் அக்கா.

முதல் நாள் அம்மா மவுஸைத் தள்ளிக்கொண்டே போய், மேஜை முடிந்ததும் திகைத்துவிட்டாள். தூக்கி மறுபடி இந்தப் பக்கம் வைக்கலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை. "கண்ணு, டேபிள் பத்தலயே, இன்னா பண்றது?" என்று கேட்டாள்.

ஆடி ஞாயிறு ஒன்றில் வீடு நிறைய சொந்தக்காரர்கள். அன்றும் வகுப்புக்குப் போய்வந்துதான் அம்மா எல்லாருக்கும் கூழ் ஊற்றினாள். "உங்கம்மா கம்ப்யூட்டர் கத்துக்கிற அழகக் காட்டுடி" என்றார் அப்பா. விடுவேனா! சோப்பு டப்பாவை எடுத்துப் பாயின் ஓரம்வரை தள்ளி, அதையும் தாண்டி அத்தையின் மடிவரை போய், "கண்ணு, டேபிள் பத்தலயே" என்றேன்.

"ஐயே, போதும்டி, வவுறு வலிக்குது" என்று அத்தை உருண்டாள். "ஆபீசரம்மா நம்மள உக்கார வச்சு சோறு போடப் போறா" என்றார் அப்பா. கரண்டியோடு நின்ற அம்மாவும் சிரித்தாள்.

அதற்குள் அம்மா எழுத்தைத் தேடாமலே எங்கள் எல்லார் பெயரையும் அடிக்கப் பழகியிருந்தாள். அதை நான் நடித்துக் காட்டவில்லை. அதற்கு யார் சிரிப்பார்கள்?

அடுத்த ஞாயிறு அம்மா கிளம்பவில்லை. மீன் வாங்கி வந்து வறுத்தாள். மத்தியானம் காலேஜ் அக்கா வீடு தேடி வந்து, "இன்னும் ரெண்டே கிளாஸ்தான்க்கா, சர்டிபிகேட் வந்துடும். நல்லாதான பண்றீங்க" என்று கெஞ்சினாள்.

"எனுக்கு மண்டையில ஏறல கண்ணு" என்றாள் அம்மா, சட்டியைவிட்டுத் தலை நிமிராமல். இனி ஞாயிறெல்லாம் மீன்தான் என்று பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷப்பட்ட கழுதை நான்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் அம்மா நின்றே வேலை செய்தாள். ஏன் பாதியில் விட்டாய் என்று யார் கேட்டாலும் மண்டையில் ஏறவில்லை என்றே சொல்கிறாள். ஒரு தடவையாவது என்னைக் கைகாட்டினால், அழுதாவது தீர்த்துக்கொள்வேன்.