நாலு மணிப் பசி

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைக் கேட்டு யாரும் புருவத்தைத் தூக்க வேண்டாம்.

எங்கள் சபையில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எடைக் கூட்டம் நடக்கும். ஆலயத்துக்குப் பின்னால் உள்ள சின்ன ஹாலில் ஒரு மூலையைத் திரை போட்டு மறைத்து, உள்ளே எடை மெஷினை வைத்திருப்பார்கள். உடம்பு ஆண்டவர் கொடுத்தது, அதைக் கண்டபடி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் கூட்டத்தின் அடிப்படை. நடத்துகிறவர் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா. ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவராகத் திரைக்குள் போக வேண்டும். செருப்பு, கைக்கடிகாரம், கைப்பை எல்லாம் வெளியே. ஒரு டீச்சர் மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவிட்டு ஏறுவார். அப்புறம் முள் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் நர்ஸம்மாவையே கேட்பார்.

"கண்ணாடி என்ன ஒரு கிலோவா இருக்கும்?"

"அதுவும் கனம்தானே நர்ஸம்மா. என் கணக்குல எதுக்கு அது?"

புதிதாகச் சேருகிறவருக்கு ஒரு ஜெபத்துணை உண்டு. ஏற்கெனவே எடையைக் குறைத்துக் காட்டியவர்தான் துணையாக இருக்க முடியும். சாப்பாட்டு வேளை இல்லாத நேரத்தில் பசி எடுத்தால், கை பிஸ்கட் டப்பாவுக்குப் போகும் முன் போனுக்குப் போக வேண்டும். துணை ஐந்து நிமிடம் ஜெபிப்பார். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர். எடை இலக்கைத் தொட்டுவிட்டால், ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். அதோடு துணை, காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். அப்போது பதினொரு பேர் காத்திருந்தார்கள்.

நானும் ஒரு காலத்தில் எடையைக் குறைத்துக் காட்டியவள்தான், அதனால் ஜெபத்துணையானேன். எனக்கு வந்து வாய்த்தவர் டேப் அக்கா.

ஐம்பத்தெட்டு வயது. கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் பின்னறையில் ஆல்டரேஷன் வேலை. பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது. அளவு நாடா எப்போதும் கழுத்தில் கிடக்கும். ஆராதனைக்கும் அப்படியே வந்துவிடுவார், அதனால்தான் அந்தப் பெயர். எதிரே வருகிறவரின் இடுப்பளவைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். போதகரின் இடுப்பு மூன்று வருஷத்தில் நான்கு அங்குலம் ஏறியது சபையில் அவருக்கு மட்டும்தான் தெரியும். "அது தொழில் ரகசியம்" என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

சேர்ந்தபோது எண்பத்தொரு கிலோ. இலக்கு அறுபத்தெட்டு.

முதல் வாரமே போன் ஆரம்பித்துவிட்டது. நான் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறேன். நாலு மணி எங்களுக்குக் கூட்டமான நேரம். உள்ளே மெஷின் கொர்ரென்று ஓடும், வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், சரியாக அப்போது போன் அடிக்கும்.

"தங்கச்சி, பசிக்குதும்மா."

நான் மேசைக்கு அடியில் குனிந்து, ஏதோ பேனாவைத் தேடுகிறவள் மாதிரி, "ஆண்டவரே, இந்த அக்காவுக்கு இப்ப வந்திருக்கிற பசியை நீரே அடக்கும்" என்று ஆரம்பிப்பேன். ஆமென் சொன்ன பிறகும் அவர் வைக்க மாட்டார்.

"இன்னிக்கு என்ன சமைச்சே?"

"பசிக்குதுன்னு போன் பண்ணிட்டு சமையலைக் கேட்டா எப்படிக்கா? எரியுற நெருப்புல எண்ணெய ஊத்தவா?"

"சும்மா சொல்லேன். நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்பேன். பாதி நாள் பொய். வீட்டில் கணவர், இரண்டு பெண்கள், மாமியார் என்று நான்கு வாய். என்ன இருக்கிறது என்று நான்கு பேரும் கேட்பார்கள். நீ சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒருநாள், ஏன் தினமும் நாலு மணிக்கே பசிக்கிறது என்று கேட்டேன். கேட்டது தப்பாகிவிட்டது, பத்து நிமிடம் போய்விட்டது. ஆனால் அன்றைக்குத்தான் அவர் கதை முழுக்கத் தெரிந்தது.

அவர் கணவருக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்தில் காலை ஷிஃப்ட். மூன்றரைக்கு முடியும், நாலு மணிக்கு வீட்டில் இருப்பார். வரும் வழியில் ஒரு பன் வாங்கி வருவார். ஒன்றுதான். அக்கா மதிய இடைவேளைக்குப் பதிலாக அந்த நேரத்துக்குக் கடையிலிருந்து வந்துவிடுவார், நாலு தெரு தள்ளித்தான் வீடு. பன்னைக் குறுக்கே வெட்டி, வெண்ணெய் தடவி, ஆளுக்குப் பாதி. டீ. பிள்ளைகள் இல்லை. முப்பத்தொரு வருஷம் அந்த அரை மணி நேரம் ஒருநாளும் தவறியதில்லை.

"அவர் போன மறுவாரம் நானே போய் ஒரு பன் வாங்கினேன். வெட்டினேன். என் பாதிய சாப்பிட்டேன். அவர் பாதி தட்டுல இருந்துச்சு. தூக்கிப் போட மனசு வருமா சொல்லு? அதையும் சாப்பிட்டேன். தினம் அதேதான். மூணு வருஷம். அந்தப் பாதிதான் இந்த எடை."

உள்ளே டாக்டர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "தண்ணி குடிங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

ஐந்து மாதத்தில் பதினொன்றரை கிலோ குறைந்தது. அறுபத்தொன்பதரை. கூட்டத்தில் கை தட்டினோம். இன்னும் ஒன்றரைதான். அங்கே போய் முள் உட்கார்ந்துகொண்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். நகரவே இல்லை. "கடைசி ஒண்ணு ரெண்டு கிலோ அடம் பிடிக்கும், விசுவாசத்தைச் சோதிக்கிறதே அதுதான்" என்றார் நர்ஸம்மா. டேப் அக்காவுக்காக எல்லோரும் வெள்ளிக்கிழமை மதியம் உபவாசம் இருப்பதென்று முடிவானது. நானும் இருந்தேன். இரண்டு வெள்ளிக்கிழமை, பசி காதை அடைக்க, வருகிறவர்களிடம் எரிந்து விழுந்துகொண்டு.

மூன்று மாதமாகியும் அதே அறுபத்தொன்பதரை. நாலு மணிக்குப் போனும் நிற்கவில்லை. "உன் நாலு மணி வந்தாச்சா?" என்று என் கணவர் கிண்டல் செய்யும் அளவுக்கு அது வீட்டுப் பேச்சாகிவிட்டது. நான் எல்லோரிடமும் அலுத்துக்கொண்டேன். இது எப்போது முடியுமோ, தலைவலி, என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜெபத்தின்போது கண்ணை முழுக்க மூடாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் டேப் அக்கா. செவ்வாய்க்கிழமைக்கென்றே அவர் வைத்திருந்த சாம்பல் நிற நீளக் கவுன். இடுப்பில் பழைய தையல் பிரித்த தடம் தெரிந்தது. அதற்கு உள்ளே ஒரு தையல், அதையும் பிரித்து இன்னும் உள்ளே ஒன்று. இரண்டு முறை பிடித்திருக்கிறார். எடை அப்படியே நிற்கும்போது இடுப்பு மட்டும் எப்படி உள்ளே போகும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அக்கா எழுந்தார். கவுனின் ஓரம் நாற்காலியின் இரும்புக் காலில் பட்டு 'டங்'கென்று சத்தம் வந்தது.

துணி டங்கென்று சத்தம் போடுமா?

மறுநாள் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் நேரே அவர் பின்னறைக்குப் போனேன். தையல் மெஷின், அயர்ன் பெட்டி, தரையெல்லாம் நூல் துண்டு. அந்தச் சாம்பல் கவுன் ஆணியில் தொங்கியது. ஓரத்தைக் கையில் எடுத்தேன். கை இறங்கிவிட்டது. ஜன்னல் திரை காற்றில் பறக்காமலிருக்க அடியில் வைத்துத் தைப்பார்களே, சின்னச் சின்ன ஈயக் குண்டு, அதை மடிப்புக்குள் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பை தைத்து, என்ன ஒரு நேர்த்தி! எல்லோரும் கண்ணாடியைக் கழற்றி வைக்கிற இடத்தில் இந்த அம்மாள் ஈயத்தைச் சுமந்துகொண்டு ஏறியிருக்கிறார்.

"எத்தனைக்கா இருக்கு?"

அக்கா மறைக்கவில்லை. "அறுபது. ஒண்ணு அம்பது கிராம். நான் குறையக் குறைய வாரத்துக்கு நாலஞ்சு சேர்த்துக்கிட்டே வந்தேன்."

"எதுக்கு?"

"அறுபத்தெட்டு வந்துட்டா உன்ன வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கல்ல."

எனக்கு அந்த இடத்திலேயே மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமைப் பட்டினிதான் முன்னால் வந்து நின்றது.

"அப்ப தினமும் பசிக்குதுன்னு சொன்னது?"

"பசி ரெண்டாவது மாசமே போயிருச்சு."

"பொய்யா? ஜெபத்துலயேவா? ஊரே உங்களுக்காகப் பட்டினி கிடந்துச்சுக்கா! பதினொரு பேர் வரிசையில நிக்கிறாங்க. எனக்கு வேற வேலை வெட்டி இல்லன்னு நெனச்சீங்களா? பேச ஆள் வேணும்னா ஒரு கிளி வாங்கி வளர்க்க வேண்டியதுதானே!"

சொல்லிவிட்டேன். இப்போது எழுதும்போதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அக்கா ஆணியிலிருந்து கவுனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, சின்னக் கத்தரியால் ஓரத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். குண்டு ஒவ்வொன்றாக டப்பாவில் விழுந்தது. நான் வந்துவிட்டேன்.

அன்றைக்கு நாலு மணிக்குப் போன் வரவில்லை. மறுநாளும் இல்லை.

அடுத்த செவ்வாய் அக்கா அதே கவுனில் வந்தார். திரைக்குள் போனார். நர்ஸம்மாவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"அறுபத்தாறரை! ஒரே வாரத்துல மூணு கிலோ! ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!"

ஹாலே எழுந்து நின்றது. டீச்சர் அழுதேவிட்டார். உபவாசத்துக்குக் கிடைத்த பதில், அற்புதம், இதைச் சபை முழுவதும் கேட்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் அக்காவைக் கட்டிக்கொண்டார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும், சபை அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். தினமும் வீடு தேடி நாலு பேர் வந்திருப்பார்கள். அற்புதம் நடந்தவரை யார்தான் தனியாக விடுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை, போதகர் அழைத்ததும் முன்னால் போய் மைக்கைப் பிடித்தார். நாடா கழுத்தில்தான் இருந்தது.

"அற்புதம் எதுவும் இல்லீங்க. கவுன் ஓரத்துல ஈயக் குண்டு வெச்சுத் தெச்சிருந்தேன். அத எடுத்துட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"எனக்காகப் பட்டினி கிடந்தவங்க மன்னிக்கணும். எனக்குப் பசி இல்ல. நாலு மணி ஆனா வீட்ல யாருமில்ல. அதத்தான் பசின்னு சொல்லிட்டேன். என் ஜெபத்துணை நல்லா ஜெபம் பண்ணுவா. அடுத்து வர்றவங்களுக்கு அவ ரொம்ப உதவியா இருப்பா." அவ்வளவுதான் சொன்னார். வந்து உட்கார்ந்தார். யாருக்கும் கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நர்ஸம்மா அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார்.

எனக்குப் புதிதாக வந்தவர் பாங்கில் மேனேஜர். காலை பதினொன்றுக்கு அழைப்பார். "ஆபீஸ்ல கேக் வெட்றாங்க, சீக்கிரம் ஜெபிங்க" என்பார். ஒன்றரை நிமிடத்தில் ஆமென், வைத்துவிடுவார். நான் கேட்டுக்கொண்டிருந்த மாதிரியே, சரியான ஆள்.

நாலு மணிக்குப் போன் சும்மா கிடந்தது. முதல் வாரம் நிம்மதி என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வாரம் மூன்றே முக்காலுக்கே கண் போனுக்குப் போனது. சைலன்ட்டில் இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தேன். யாரோ ஒருவர் பல் வலிக்கு நேரம் கேட்டு அழைத்தபோது, "சொல்லுங்கக்கா" என்று எடுத்துவிட்டேன். இன்னிக்கு என்ன சமைச்சே என்று அந்தக் குரல் ஒருமுறை கேட்டுவிடாதா என்று இருந்தது. ஆமாம், ஏங்கிப்போனேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை. வெளியே ஆறு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மெஷின் ஓடியது. நான் மேசைக்கு அடியில் குனிந்து அவர் எண்ணை அழுத்தினேன். நாலைந்து முறை அடித்தது.

"யாரு?" என்றார். யாரென்று தெரிந்தேதான் கேட்டார்.

"அக்கா, நான்தான். பசிக்குதுக்கா."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. திட்டப் போகிறார், கிளி வாங்கிக்கச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. எட்டு மாதத்தில் அவர் ஜெபித்து நான் கேட்டதே இல்லை.

"ஆண்டவரே, இவளுக்குப் பசிக்கல. பொய் சொல்றா. எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும். மன்னிச்சிரும்." கொஞ்சம் நிறுத்தினார். "நாளைக்கும் இதே நேரத்துக்கு இவளுக்கு இந்தப் பசியைத் தாரும்."

ஆமென் என்றேன்.

"சரி, இன்னிக்கு என்ன சமைச்சே?" என்றார் அக்கா.