டிரைவரம்மா விடாத கம்பி

ஈர ஹார்னெஸ் காய்வதற்காக, அதற்குள் பழைய செய்தித்தாள்களைச் சுருட்டிச் சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தாள் டிரைவரம்மா. பறக்கிறவரின் உடம்பை உறைபோல மூடி, ஹாங் கிளைடர் என்கிற பெரிய துணி இறக்கைக்கு அடியில் தொங்கவிடும் பை அது. முந்தின நாள் அவள் கணவர் இறங்கிய வயலில் தண்ணீர் நின்றிருந்தது. இன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. மலையே தெரியவில்லை. பறக்கும் போட்டி இன்றைக்குக் கிடையாது, ஓய்வு நாள் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். விடுதி வராந்தா நெடுக சாக்ஸும் சட்டையும் தொங்க, ஏதோ ஓர் அறையில் சீட்டாட்டம் சூடுபிடித்திருந்தது.

டிரைவரம்மா என்பது பறக்கிறவர்கள் வைத்த பெயர். சொந்த ஊரில் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தே பழகிய கால் அது. பேருந்தில் போனாலும் இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்தும். கணவருக்கு பேக்கரி. கல்யாணமான புதிதில், "ஒரே ஒரு தடவை வந்து பாரு" என்று மலைக்குக் கூட்டிப்போனார். அவர் பாட்டுக்குப் பறந்துபோய் எங்கோ இறங்கிவிட்டார். இறங்கினவரை யாராவது போய்க் கூட்டிவர வேண்டுமே. அன்று பிடித்த ஸ்டியரிங்.

"பாதி வாழ்க்கை அண்ணாந்து பார்த்தே போச்சு, கழுத்து வலிக்குத் தைலம் வாங்கியே மீதியும் போயிடும்" என்பாள். ஆனால் ஒரு வருடம்கூட வரமாட்டேன் என்றதில்லை. வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனுஷன், மேலே போய்விட்டால் வாக்கி டாக்கியில் வாய் ஓயமாட்டார். கீழே தெரிகிற குளம், ஓட்டு வீடு, யாரோ காயப்போட்ட புடவை, எல்லாவற்றுக்கும் ஒரு கதை வைத்திருப்பார். மடியில் வாக்கி டாக்கியை வைத்துக்கொண்டு, தெரியாத சாலையில் அவள் 'ம்' கொட்டிக்கொண்டே ஓட்டுவாள்.

நேற்று அவள் 'ம்' கொட்டவில்லை.

மலை விளிம்பில் ஓடிப் பாய்ந்து பறக்கிற ஏறுமேடைக்குப் போகுமுன் இவர்களுக்கு ஒரு முறை உண்டு. பறக்கிறவர் ஹார்னெஸை இறக்கையோடு கொக்கியில் மாட்டி, ஒருதரம் படுத்துத் தொங்கிக் காட்டுவார். கூட இருப்பவர் குனிந்து கொக்கியைத் தொட்டுப் பார்த்து, "மாட்டியிருக்கு" என்பார். நேற்று அவள் தொட்டுப் பார்த்துச் சொல்லியும் ஆயிற்று. அப்புறம் காற்று நின்றுபோனதால் காத்திருக்கச் சொன்னார்கள். அவர் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒதுங்கப் போனார். திரும்பி வந்தவர், இறக்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு நேரே மேடை விளிம்புக்கு நடந்தார். இறக்கை ஆடாமலிருக்க அதன் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடப் போனவள் பார்த்தாள். அவர் முதுகில் கொக்கி வார் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

"விடு" என்றார்.

"கொக்கி."

"விடுன்னு சொல்றேன்ல."

"கொக்கிங்க."

கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார். "தெரியும்" என்றார். அவள் கையாலேயே மாட்டிவிட்டாள். பறந்தார், இறங்கினார், ராத்திரி சாப்பாட்டு மேசையில் எல்லாரோடும் சிரித்தார்.

அது மட்டும் என்றால் கைத்தவறு என்று விட்டிருப்பாள். பேக்கரியில் அவர் மாவுக்கு உப்புப் போட மறந்ததில், ஓர் அடுப்பு ரொட்டி மொத்தமும் குப்பைக்குப் போனது. பழி வேலையாள் தலையில் விழுந்தது. ஒருநாள் சொந்த வாசலிலேயே, யாருடைய வீட்டுக்கோ வந்துவிட்டவர்போல நின்றார். டாக்டர் பேச்சை எடுத்தால், "உனக்கு வேற வேலை இல்லையா?"

இப்போது கட்டிலில் அவசரப் பாராசூட்டை விரித்து மடித்துக்கொண்டிருந்தார். ஓய்வு நாளில் எல்லா அறையிலும் நடக்கிற வேலைதான். விரல்கள் ஒரு மடிப்பிலும் பிசகவில்லை. இந்தக் கைகளைப் பார்த்துவிட்டு யார் நம்புவார்கள்? மழை விட்டால் நாளைக்கு மறுபடியும் அந்த மேடை.

பக்கத்து அறைப் பல் டாக்டர் எட்டிப் பார்த்தான். அவனும் பறக்கிறவன்; போட்டியின் பாதுகாப்புக் குழுவிலும் இருந்தான். ஆபத்து என்று பட்டால் யாரையும் தரையிலேயே நிறுத்திவைக்க அந்தக் குழுவால் முடியும்.

"அக்கா, பேப்பர் மிச்சம் இருக்கா? என் ஷூவுல மீன் வளர்க்கலாம் போலிருக்கு. அண்ணே, சீட்டாட வரல?"

"உன்கூட ஆடினா பல்லைப் பிடுங்கிட்டுத்தான் விடுவ."

சிரித்துக்கொண்டே பேப்பரை வாங்கினான். "ஆமா, நேத்து மேடையில என்னக்கா? கம்பியை விடாமப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே. பின்னாடி நான்தான் நின்னேன்."

"காத்து சரியில்ல" என்றார் அவர், மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் தலையாட்டிவிட்டுத் திரும்பினான்.

"காத்து இல்லப்பா" என்றாள் அவள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "கொக்கி மாட்டல. மாட்டாமலே ஓடப் போனார்."

பல் டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. "அது... யாருக்கும் நடக்கும்க்கா."

"நடக்கும். இவருக்கு வீட்டுலயும் நடக்குது. கொஞ்ச நாளாவே."

அவர் மறுத்து ஏதாவது சொல்வார் என்று இருவரும் பார்த்தார்கள். அவர் பாராசூட்டின் கயிறுகளைச் சேர்த்து ரப்பர் வளையம் மாட்டினார்.

"அண்ணே, நாளைக்கு நீங்க மேல போக வேண்டாம்" என்றான் அவன். "குழுகிட்ட நானே சொல்லிடறேன். ஊருக்குப் போனதும் ஒரு நல்ல டாக்டரா..." மேலே சொல்லத் தெரியாமல், கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனான்.

வசவு விழும் என்று அவள் காத்திருந்தாள். இத்தனை வருடம் கூட வந்தது இதற்குத்தானா என்று கேட்டிருந்தால், தாங்கிக்கொள்ளத் தயாராகவே இருந்தாள். அவர் பாராசூட்டைப் பைக்குள் வைத்து மூடினார். ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"காத்து சரியில்லன்னுதான் நீ கம்பியை விடலைன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். அவரிடம் கோபமே இல்லை. வழி கேட்கிறவரின் குரல் அது. "நேத்து நிஜமாவே நான் மாட்டலையா?"

"மாட்டலைங்க" என்றவள், நனைந்த செய்தித்தாள்களை ஹார்னெஸிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு எழுந்தாள். முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.